கேள்வியில் உள்ள எண்

வினாத்தாளை வாசிக்கத்தான் இந்த நேரம், ஒருத்தரும் பேனாவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் சார் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் வாசிக்கவில்லை. எனக்கு முன்னால் முபீனாவின் முதுகு இருக்கிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வரிசையில் அவளுக்கு அடுத்தது நான், முபீனா, பிறகு முத்துப்பேச்சி, ஆறாம் வகுப்பிலிருந்து இப்படித்தான். இந்தப் பொதுத்தேர்விலும் அவள் பின்னல்தான் எனக்குக் கரும்பலகை. ஹாலில் பழைய இரும்பு டெஸ்க். முன்னால் இருப்பவள் உட்காரும் பலகையும் பின்னால் இருப்பவள் எழுதும் பலகையும் ஒரே சட்டத்தில் முடுக்கியிருக்கிறது. அவள் காலை ஆட்டினால் என் பலகை ஆடும். இப்போதும் ஆடுகிறது, என் வினாத்தாளின் ஓரம் லேசாகத் துடிக்கிறது. கணக்கு அவளுக்குப் பிடித்த மாதிரி வந்திருக்கிறது என்று அர்த்தம். கஷ்டமான கணக்கைப் பார்த்தால் சந்தோஷத்தில் காலாட்டுகிற ஒரே ஜீவன் உலகத்திலேயே இவள்தான், நானெல்லாம் பயத்தில் ஆட்டுவேன். ஆட்டு முபீ, நல்லா ஆட்டு, இன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன். உன் வாப்பா விடியக்காலம் இறந்துபோய்விட்டார், உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதை மனதுக்குள் சொல்லும்போதே சத்தமாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து உதட்டைக் கடிக்கிறேன். இல்லை, சொல்லவில்லை. அவள் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

வாசி பேச்சி, முதல் கேள்வியை வாசி. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக. எழுத்துகள் தெரிகின்றன, அவற்றுக்குப் பின்னால் அம்மாவின் முகம்தான் வருகிறது. போன் வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். முபீ குளியலறையில் இருந்தாள், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவள் உம்மா வாப்பாவுக்குத் துணையாக மூன்று நாளாய்ப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், அதனால் முபீ எங்கள் வீட்டில். அம்மா போனைக் காதில் வைத்தபடியே கேஸை அணைத்தாள். இட்லி வேகவே இல்லை, அணைத்துவிட்டாள். பிறகு மறுபடி பற்ற வைத்தாள். என்னைப் பார்த்து, "மசூது மாமா போயிட்டாவ. பரீட்சை முடியிற வரைக்கும் வாயத் திறந்தே, கொன்னே போட்டுருவேன். அவ உம்மாதான் சொல்லக்கூடாதுங்கா. எம்பிள்ள எழுதட்டும், அவுகளுக்கு அதுதான் ஆசைன்னு அழுதுக்கிட்டே சொல்லுதா" என்றாள். அதற்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நெய்ப் பாட்டிலை எடுத்தாள். நெய்யை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறவள், எனக்கே காட்டாதவள், முபீ தட்டில் சாய்த்து ஊற்றினாள். "என்ன மாமி, இன்னைக்கு இவ்வளவு பாசம்? நூறு எடுக்காட்டா நெய்க்குக் காசு கேப்பீங்களா?" என்று முபீ சிரித்தாள். அம்மா, "சாப்பிடு தாயி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. நான் சாப்பிட்டேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் நாலு இட்லி சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் முபீ கேட்பாள் என்று சாப்பிட்டேன், ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது.

பள்ளிவாசலில் யாராவது இறந்தால் மைக்கில் சொல்வார்கள், ஊருக்கே கேட்கும். இன்றைக்குச் சொல்லவில்லை. புறப்படும்போது அம்மா வாசலில் வைத்து என் காதில் சொன்னாள், மைக்கில் போடாமல் வீடு வீடாக ஆள் அனுப்பியிருக்கிறார்களாம், பிள்ளை ஹாலுக்குள் போனபிறகும் போட மாட்டார்களாம், பள்ளிக்கூடம் வரை கேட்கும் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவின் மையத்து வந்து சேர மத்தியானம் ஆகுமாம், முபீ பரீட்சை முடிந்து வந்து பார்த்த பிறகு சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கமாம். கடைத்தெரு வழியாய்ப் போகாதே, ரைஸ்மில் சந்து வழியாய்ப் போ என்றாள். போனோம். "ஏன்ட்டி இந்த நாத்தம் பிடிச்ச சந்து?" என்று முபீ கேட்டாள். "சீக்கிரம் போயிரலாம்லா" என்றேன். சந்து முனையில் ஹமீது பாய் தண்ணீர்க் குடத்தோடு நின்றார், முபீயைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே வந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கணக்குப் பரீட்சைக்காக ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது. நடுவில் இவள் மட்டும் பாட்டு மாதிரி சூத்திரம் சொல்லிக்கொண்டு நடக்கிறாள், கூம்பின் கன அளவு மூன்றில் ஒரு பங்கு பை ஆர் ஸ்கொயர் ஹெச். நடுவில் நிறுத்தி, "வாப்பா எப்படி இருக்காவளாம்? காலைல போன் வந்துச்சே, உம்மாவா?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. "தூங்குதாவளாம்." அது நேற்று ராத்திரி உம்மா சொன்னது. நேற்று அது உண்மை. நேற்று மாமாவே போனில் பேசினார், நூறு வாங்கிருவியா வாப்பா என்று கேட்டார், மகளை அவர் வாப்பா என்றுதான் கூப்பிடுவார். தூக்கம் வருது, நாளைக்குப் பேசுதேன் என்றார். நேற்றைய விடையை இன்றைய கேள்விக்கு எழுதிவிட்டேன். இதைத்தானே நான் எப்போதும் செய்வேன்.

அரைப் பரீட்சையில் செய்தது அதுதான். தொடுகோடு வரையும் கணக்கு. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி, அங்கிருந்து வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிற இரண்டு கோடு. புத்தகத்தில் விட்டம் ஆறு, தூரம் எட்டு. நான் அதை மனப்பாடமாய் வரைவேன், கண்ணை மூடிக்கொண்டே வரைவேன். பரீட்சையில் வேறு எண் கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கவே இல்லை. ஆறு எட்டு என்று அழகாய் வரைந்து, அம்புக்குறி போட்டு, உதவிப்படமும் போட்டு, பென்சிலைக் கூராக்கி அடிக்கோடும் போட்டேன். முட்டை. கணக்கு டீச்சர் வகுப்பில் தூக்கிக் காட்டினார்கள், "படம் வெகு ஜோர், யாரு கேட்டா இத?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள், முபீயும்தான் சிரித்தாள். சிரித்தவள் அன்று சாயங்காலமே என்னையும் சண்முகக்கனியையும் இழுத்துக்கொண்டு அவள் வாப்பாவின் பரோட்டாக் கடைக்குப் போனாள். டீச்சர் குழு பிரித்ததில் நன்றாகப் படிக்கிறவள் முபீ, சுமாராகப் படிக்கிறவள் கனி, என்னைப் போல ஒன்று நான். கடை ராத்திரிக்குத்தான் சூடு பிடிக்கும். சாயங்காலம் மேஜைகள் காலி. மசூது மாமா பெரிய கல்லில் மாவைப் போட்டுப் பிசைந்துகொண்டே எங்களைப் பார்த்துச் சிரிப்பார். முபீ என் புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள். டீ கிளாஸைக் கவிழ்த்து, "இத அள. எவ்வளவு? ரெண்டா பிரி, அதான் ஆரம். உப்பு டப்பா வரைக்கும் அள, அதான் தூரம். இப்ப வரை" என்றாள். மறுநாள் சால்னா வாளி, அடுத்த நாள் மாமாவின் வெற்றிலைப் பெட்டி. எதைக் கையில் எடுத்தாலும் அதற்கு ஒரு தொடுகோடு. "புத்தகத்துல உள்ள நம்பர எழுதாதட்டி. கேள்வியில உள்ள நம்பரச் சுத்தி முதல்ல வட்டம் போடு. எது உன் முன்னால இருக்கோ அதப் பாரு." ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். என் கிராப் தாளெல்லாம் எண்ணெய்க் கறை.

மாமாவுக்கு எங்கள் கணக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் சும்மா இருக்கவும் மாட்டார். "ஏளா பேச்சி, இந்த சைன் தீட்டா, காஸ் தீட்டாங்கியளே, ரெண்டு பேரும் யாரு?" என்பார். கனி பாவம், அவளுக்கு விளையாட்டு தெரியாது, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் ஒன்று வரும் மாமா என்று மெனக்கெட்டு விளக்குவாள். "அப்போ அண்ணன் தம்பிதான். எவ்வளவு பெருக்கினாலும் கடைசியில ஒண்ணாத்தான் நிக்கானுவ" என்பார். முபீ தலையில் அடித்துக்கொள்வாள். கல் சூடானதும் முதல் பரோட்டா எங்களுக்கு. கணக்குப் போட்டால் பசிக்கும், தமிழ் படித்தால் அவ்வளவு பசிக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. இவள் நூறு எடுத்தால் அன்றைக்கு வகுப்பு முழுக்கக் கொத்துப் பரோட்டா ஓசி என்று ஒருநாள் அறிவித்தார். "நான் பாஸ் பண்ணுனா என்ன மாமா?" என்று கேட்டேன். "நீ பாஸ் பண்ணுனா ஊருக்கே ஓசி" என்றார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் எங்கள் முன்னால்தான் உட்கார்ந்தார். தன் காலாலேயே நடந்து ஆட்டோவில் ஏறினார். முபீ கூடவே ஏறப் போனாள். "நீ கணக்கப் பாரு வாப்பா. என்னையப் பாக்க டாக்டர் இருக்காரு" என்று இறக்கிவிட்டார். இவள் இறங்கினாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை, இறங்கிவிட்டாள். அன்றைக்கு ஏறியிருந்தால் கடைசியாகக் கையையாவது பிடித்திருப்பாள். கல்லில் அப்போது போட்டிருந்த பரோட்டா கருகிப்போனது, யாரும் எடுக்கவில்லை.

வந்துவிட்டது, தொடுகோடு. கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஆரம் ஐந்து, தூரம் பத்து. புத்தகத்து எண் இல்லை. பேனாவைத் தொடக் கூடாது, அதனால் கண்ணாலேயே வட்டம் போடுகிறேன். இது ஒன்றும் கிராப் ஒன்றும் சரியாய்ப் போட்டு, ஒரு மதிப்பெண் கேள்விகளில் குருட்டாம்போக்கில் ஏதாவது விழுந்தால் நான் கரையேறிவிடுவேன். என் கவலை எனக்கு. சீ, இப்போது எதற்கு இந்த நினைப்பு. முபீ பக்கத்தைத் திருப்புகிறாள், அவளும் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். தலையை லேசாக ஆட்டுகிறாள், எனக்காகத்தான், உன் தொடுகோடு வந்திருக்குட்டி என்று. நான் வலது பக்கம் பார்க்கிறேன். பார்த்திருக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே மைதானம், அதைத் தாண்டி கேட், கேட் பக்கத்தில் வேப்பமரம், மரத்தடியில் முபீயின் சாச்சா நிற்கிறார். அவள் வாப்பாவின் தம்பி. திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர், பெருநாளைத் தவிர வேறெதற்கும் ஊருக்கு வராதவர். அழுக்குச் சட்டை, கையில் பை, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருப்பார் போல. ஏன் இங்கே வந்து நிற்கிறார், மண்டையில் மசாலா இருக்கிறதா இந்த மனுஷனுக்கு. பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருப்பார், அதற்கு இப்போதே வரணுமா, வேறு எங்கே போய் நிற்பார், வீட்டில் இருக்க முடிந்திருக்காது. ஜன்னல் எனக்குப் பக்கத்தில் என்றால் முபீக்கு இன்னும் பக்கத்தில். அவள் தலையைத் தூக்கி வலது பக்கம் திரும்பினால் போதும். பெருநாள் இல்லாத நாளில் சாச்சாவைப் பார்த்தால் இவளுக்கு ஒரு வரி விளக்கம்கூட வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்லலாம் என்று பார்த்தால் கதவே இல்லை, வெறும் கம்பிதான்.

சொல்லிவிடலாமா. ஒரு வார்த்தைதான். இப்படி ஜன்னல் வழியாகத் தெரிந்துகொள்வதற்குப் பதிலாக நானே சொல்லலாம். சொன்னால் எழுந்து ஓடுவாள், கணக்கு போச்சு, ஒரு வருஷம் போச்சு, மாமாவின் ஆசை போச்சு. சொல்லாவிட்டால் சாயங்காலம் என் முகத்தைப் பார்த்து, தெரிஞ்சுக்கிட்டேதான் என்கூட உக்காந்து இட்லி தின்னியாட்டி என்று கேட்பாள். நானாக இருந்தால் எது வேண்டும் எனக்கு? என் அப்பாவை நினைத்துப் பார்க்கிறேன், நினைக்கவே முடியவில்லை, மனது வேறு பக்கம் ஓடுகிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் காலையில் ஹாலுக்குள் வந்தார்கள். நல்லா எழுதுங்க என்று முபீ தலையில் கை வைத்தார்கள். வைத்த பிறகுதான் யோசித்திருப்பார்கள், உடனே அந்த வரிசையில் எல்லார் தலையிலும் வைத்துக்கொண்டே போனார்கள். என் தலையிலும் வைத்தார்கள். எல்லாருக்கும் தெரிகிறது, எல்லாரும் நடிக்கிறோம், நடிக்கத் தெரியாதவர்கள் சுவரைப் பார்க்கிறோம். தெரியாததற்கு ஒரு பெயர் வை என்பாள் முபீ. தெரியலையேன்னு அழாத, எக்ஸுன்னு வச்சுக்கோ, அது பாட்டுக்கு இருக்கட்டும், தெரிஞ்சத வச்சுப் போட்டுக்கிட்டே போ, கடைசியில வந்து நிக்கும். ஆமாம், கடைசியில் வந்து நிற்கும், கேட்டில் நிற்கிறது. இவள் வேறு வேகக்காரி. எல்லாப் பரீட்சையிலும் அரை மணி முன்பே முடித்துவிட்டு, முடித்ததும் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் இங்கே வியர்த்துக்கொண்டிருப்பேன். வேகமா எழுதுட்டி என்று எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவள். இன்றைக்கு அந்த அரை மணி வரவே கூடாது. அப்புறம்தான் எனக்கு இன்னொன்றும் உறைக்கிறது. ஜன்னலுக்காக மட்டும் இல்லை. இவள் கணக்குப் போடுகிற நேரம் வரைக்கும்தான் இவளுக்கு வாப்பா இருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்குகிறார், எழுந்ததும் நூறு வருமா என்று கேட்பார். இந்த ஹாலுக்குள் மட்டும் இன்னும் அப்படித்தான். கணக்குப் பரீட்சை சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டாத நாள் என் வாழ்க்கையில் இதுதான் முதல், தாயே, இது முடியவே வேண்டாம்.

"எழுதலாம்" என்றார் சார். ஹால் முழுக்கப் பேனா மூடி கழலும் சத்தம். யாரோ அடிஷனல் ஷீட்டுக்கு இப்போதே நூல் கேட்கிறாள், சார் அந்தப் பக்கம் திரும்பினார். முபீ எப்போதும் போல அரைவாசி திரும்பினாள். கன்னத்தில் நெய் மினுமினுப்போ என்னமோ, குழந்தை மாதிரி இருந்தாள்.

"பேச்சி, நம்பரப் பாரு. கேள்வியில உள்ள நம்பர்."

"பாத்துட்டேன். அஞ்சு, பத்து."

"ம். போடு."

"முபீ."

"என்னட்டி, சார் பாப்பாரு."

"மெதுவா எழுது."

"என்னது?"

"மெதுவா எழுதுட்டி. நேரம் நெறைய இருக்கு."

"நீயா எனக்குச் சொல்லுத?" என்று சிரித்தாள். சிரித்தவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தேன், சத்தியமாக வைத்திருந்தேன், நேற்றைய முகத்தை அப்படியே எடுத்து மாட்டியிருந்தேன். ஆனால் எதிரில் இருப்பதைப் பார் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவள் சிரிப்பு முழுதாய் முடியவில்லை. ரைஸ்மில் சந்தையும் நெய்யையும் அவள் கூட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. என் கண்ணைப் பார்த்தாள், பிறகு என் கண் போகாமல் தடுமாறிக்கொண்டிருந்த பக்கத்தைப் பார்த்தாள். ஜன்னல். கம்பி. மைதானம். வேப்பமரத்தடியில் சாச்சா நிமிர்ந்தார். பிள்ளை பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையைத் தூக்கினார், சும்மா, எழுது எழுது என்பது போல. தூக்கிய கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனார். மரம் ஒல்லி. பாதி மனுஷர் வெளியேதான் தெரிந்தார்.

முபீ முன்பக்கம் திரும்பிவிட்டாள். என் பலகை ஆடவில்லை. ஐந்து வருஷத்தில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பரீட்சையில் என் பலகை ஆடாமல் இருந்ததே இல்லை. அவள் எழுந்து ஓடப் போகிறாள் என்று நினைத்தேன், ஓடினால் நானும் கூட ஓடுவது, பாஸாவது ஒன்றாவது என்று முடிவு செய்துவிட்டேன். அவள் எழவில்லை. நீ கணக்கப் பாரு வாப்பா. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளா, எனக்குத் தெரியாது, எனக்கு அதுதான் கேட்டது. சார் எங்கள் வரிசைக்கு வந்து அவள் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார், அவருக்கும் சொல்லியிருப்பார்கள், அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் கேள்வியை எடுத்து ஐந்தைச் சுற்றி ஒரு வட்டம், பத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸில் ஐந்து சென்டிமீட்டர் அளந்து முனையைத் தாளில் வைத்தேன். அப்போதுதான் பலகை ஆடத் தொடங்கியது. இது கால் இல்லை. காலாட்டினால் ஒரு தாளம் இருக்கும், எனக்கு அது அத்துப்படி. இது தோளிலிருந்து இறங்கி இரும்புச் சட்டம் வழியாக என் கை வரைக்கும் வந்தது, சத்தமே இல்லாமல். பென்சில் வட்டத்தை விட்டு விலகிப் போனது. நான் காம்பஸை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். என் காலை நீட்டி அவள் பலகைக்குக் கீழே உள்ள கம்பியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவளால் முடிகிறவரை ஆடட்டும், நான் பிறகு வரைந்துகொள்கிறேன், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. வெகு நேரம் கழித்து ஆட்டம் நின்றது. முன்னால் பேனாச் சத்தம் கேட்டது. அவள் எழுத ஆரம்பித்திருந்தாள், ஒவ்வொரு எண்ணாக, நான் சொன்னது போலவே மெதுவாக.